நம்பிக்கை எட்டும் தூரம்

செட்டிநாட்டுக் கீழச்சிவல்பட்டியில் வீட்டோடு பலகாரம் போட்டு விற்கிற தம்பி ஒருவர், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். “அண்ணே, சரக்கு நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆர்டருக்கும் குறைவில்ல. ஆனா ஆரம்பிச்ச அளவுலயே நிக்கிது. ஏன்ணே வளர மாட்டேங்குது?”

ஆத்தங்குடியில் கல் வார்க்கிற பட்டறை, காரைக்குடியில் கண்டாங்கி நெய்கிற தறி, திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுக்கிற தையல் யூனிட் என்று எங்கே போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். நம் நாட்டில் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தொடங்கிய தொழில் இரண்டு மடங்காவதுதான் அரிது. உழைப்பு போதவில்லை, துணிச்சல் போதவில்லை என்று அவர்கள் தலையிலேயே பழியைப் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. டீ வருவதற்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

சென்னைக் கடை ஒன்றுக்கு மாதம் 1 லட்சம் ரூபாய்க்கு முறுக்கும் சீப்புச் சீடையும் மணகோலமும் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், கேஸ், ஆள் கூலி, பஸ் பார்சல் எல்லாம் சேர்த்துச் செலவு 85,000. மிச்சம் 15,000. கடைக்காரர் பணம் தருவது 90 நாள் கழித்து. முதல் மாதச் சரக்குக்கான பணம் வருவதற்குள் மூன்று மாதச் சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும். ஆக, 2,55,000 ரூபாயைக் கையிலிருந்து போட்ட பிறகுதான் முதல் வரவையே பார்க்க முடியும். அந்தப் பணத்தை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், ஒரு மாதச் சரக்கின் 85,000-க்கு மூன்று மாத வட்டி 5,100. மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மூன்று ரூபாய் வட்டி என்றால் 7,650. பாதி போயிற்று.

இப்போது கடைக்காரர் சந்தோஷமாக ஆர்டரை இரண்டு மடங்காக்குகிறார். தேவைப்படுகிற பணம் 5,10,000 ஆகிவிடுகிறது. வியாபாரம் கூடக் கூடக் கையில் பணம் குறைகிற விந்தை இதுதான். ஜிஎஸ்டியில் பதிந்த தொழிலாக இருந்தால், பில் போட்ட மாதத்துக்கான வரியை அடுத்த மாதமே கட்ட வேண்டும். கடைக்காரர் பணம் தந்தாரா என்று வரி பார்ப்பதில்லை. இதே பணம் 45 நாளில் வந்துவிட்டால் போட வேண்டிய முதலும் பாதியாகும், வட்டியும் பாதியாகும். மாவு அதே மாவு, கைப்பக்குவம் அதே கைப்பக்குவம். பணம் வருகிற நாள் மாறினால் தொழிலின் தலையெழுத்தே மாறுகிறது.

“அப்ப பேங்குல வாங்கிட வேண்டியதுதானேண்ணே?” என்றார் தம்பி. வாங்கலாம். வங்கி முதலில் கேட்பது, “என்ன சொத்து இருக்கிறது?” வளவு வீடு இருக்கிறது. ஆனால் பத்திரம் தாத்தா காலத்தது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக இருக்கிறார்கள். அத்தனை பேர் கையெழுத்தும் சேராமல் அந்த வீட்டை அடமானம் வைக்க முடியாது. கடைசியில் வழக்கம்போல் வீட்டுப் பெண்களின் நகை வங்கிக்குப் போகிறது. நகைக்கடன் ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். தங்கம் எத்தனை பவுன் இருக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் கிடைக்கும். ஆர்டர் எவ்வளவு வந்திருக்கிறது என்பதற்கும் அந்தக் கடனுக்கும் சம்பந்தமில்லை.

நகையும் இல்லாதவர் தண்டலுக்குப் போகிறார். 10,000 ரூபாய்த் தண்டலில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு போவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி எழுபது விழுக்காட்டைத் தாண்டுகிறது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் காலையில் சந்தைக்குப் போக வேண்டியவருக்குச் சட்டம் பணம் கொண்டுவந்து தருவதில்லையே.

இவ்வளவு வட்டி கட்டியும் ஒருவர் தொழிலை விடாமல் நடத்துகிறார் என்றால், அந்தத் தொழிலில் நல்ல வருமானம் ஒளிந்திருக்கிறது என்றுதானே பொருள்? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சுனாமிக்குப் பிந்தைய ஆண்டுகளில் இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் குறுந்தொழில் நடத்துகிறவர்களிலிருந்து குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்து, 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் பெறுமான பணமோ பொருளோ இனாமாகக் கொடுத்தார்கள் டி மெல், மெக்கன்சி, வுட்ரஃப் என்ற மூன்று பொருளியலாளர்கள். 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். போட்ட முதலுக்கு மாதம் 5 விழுக்காடு அளவுக்குக் கூடுதல் லாபம் வந்திருந்தது. எந்த வங்கியின் வட்டியையும் விட அது பல மடங்கு. பெண்கள் நடத்திய தொழில்களில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு ஆராய்ந்தவர்கள், ஒரே வீட்டில் கணவருக்கும் தொழில் இருந்தால் மனைவிக்கு வந்த பணம் கணவரின் தொழிலுக்குப் போய்விடுவதை ஒரு காரணமாகக் கண்டார்கள். நம் ஊர்ப் பலகாரத் தொழிலின் பாதிப் பாரத்தைச் சுமப்பவர்கள் பெண்கள் என்பதால் இது நாம் யோசிக்க வேண்டிய சங்கதி.

ஆக, தொழிலில் வருமானம் உண்டு, வங்கியில் பணமும் உண்டு. இரண்டும் சந்திப்பதில்லை. ஏன்? வங்கிக்கு இந்தத் தம்பியைத் தெரியாது. தெரியாதவரிடம் பணத்தைக் கொடுக்க அது சொத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். ஒரு தொழில், நம்பிக்கை எட்டுகிற தூரம் வரைதான் வளரும். கடன் கொடுப்பவர் நம்ப வேண்டும். சரக்கு வாங்கியவர் சொன்ன நாளில் தருவார் என்று நாம் நம்ப முடிய வேண்டும். நாம் இல்லாத இடத்தில் நம் ஆள் ஒழுங்காக நடப்பார் என்றும் நம்ப முடிய வேண்டும். இவற்றில் எது நின்றாலும் தொழில் அங்கேயே நின்றுவிடும்.

முதலில் கடன். பட்டா கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் உலகமே நம்பியது. பெரு நாட்டின் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 1980-களில் தம் ஆட்களை விட்டு, லிமாவில் ஒரு சிறு தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்யச் சொன்னார். லஞ்சத்தைக் கூடுமானவரை தவிர்த்து அதைச் செய்து முடிக்க 289 நாள் ஆயிற்று. ஏழைகளிடம் வீடும் நிலமும் இருக்கின்றன, தாள் இல்லாததால் அவை முதலாக மாறவில்லை என்பது அவர் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அர்ஜென்டினாவில் புவனோஸ் ஐரீஸ் புறநகர்க் குடியிருப்பு ஒன்றில், பட்டா பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பல ஆண்டு கழித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பட்டா பெற்றவர்கள் வீட்டை நன்றாகக் கட்டியிருந்தார்கள், பிள்ளைகளைக் கூடுதலாகப் படிக்க வைத்திருந்தார்கள். கடன் வசதி மட்டும் பெரிதாகக் கூடவில்லை. பத்திரம் அவசியம்தான். பத்திரத்தைப் பார்த்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்காமல் விடுகிற வங்கிக்கு அது மருந்தாகாது.

அடுத்தது வசூல். இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு தொழிலிடம் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் கை கொடுத்தது. உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால், தந்து முடிக்கும் வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

இத்தனை இருந்தும் புகார் கொடுப்பவர் குறைவு. காரணம் எளியது. புகார் கொடுத்தால் அடுத்த மாதம் ஆர்டர் வராது. ஒரே ஒரு பெரிய கடையை நம்பி இருக்கிறவர் அந்தக் கடைமேல் எப்படி மனு எழுதுவார்? பலமில்லாதவரைப் பார்த்து “நீ போய்க் கேள்” என்று சொல்கிற சட்டம் பாதிச் சட்டம்தான். அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களுமே பில்லை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிறபோது, தனியாரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மூன்றாவது, ஆள். தம்பியிடம் “காரைக்குடியில் இன்னொரு கடை போடலாமே” என்றேன். “அங்க யாரண்ணே உக்கார வைக்கிறது? தம்பி வெளிநாட்ல இருக்கான்” என்றார். இந்தியா முழுக்க இதே பதில்தான். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நிக்கோலஸ் புளூமும் மற்றவர்களும் மும்பைக்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சரக்கிருப்பை எழுதி வைப்பது, பழுதைக் குறித்து வைப்பது, இயந்திரத்தை முறையாகப் பராமரிப்பது போன்ற சாதாரண ஒழுங்குகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓராண்டில் உற்பத்தித்திறன் 17 விழுக்காடு கூடியது. அந்த ஆய்வில் என்னை உலுக்கியது இன்னொரு செய்தி. ஒரு குடும்பம் எத்தனை ஆலை வைத்திருக்கிறது என்பதை, ஆலை நன்றாக நடக்கிறதா என்பதைவிட, குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதே கூடுதலாகத் தீர்மானித்தது. வெளியாளை நம்ப வழியில்லை, ஏமாற்றினால் கோர்ட்டில் நியாயம் கிடைக்கப் பல ஆண்டாகும். அதனால் மகன், தம்பி, மைத்துனன் தீர்ந்ததும் தொழிலும் நின்றுவிடுகிறது.

இந்த மூன்று சிக்கலுக்கும் நூறு வருடம் முன்பே விடை கண்டவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெரிய வீடுகளைக் கட்டிய செட்டியார்கள், அதாவது நகரத்தார்தான். கீழச்சிவல்பட்டியில் முதலாளி இருப்பார், கடை பர்மாவில் ஏதோ ஒரு ஆற்றங்கரை ஊரில் இருக்கும். போய்ப் பார்க்கக் கப்பலேற வேண்டும். அந்தக் கடையை நடத்த மேலாளை அனுப்பினார்கள். பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போய்விடும். கணக்கு முடிந்து திரும்பும்போது லாபத்தில் பங்கும் உண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் படித்த பையன்தான் பின்னாளில் மேலாள் ஆனான். பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்பியாக வேண்டும். இன்றைய வங்கி மேலாளரும் சில ஆண்டுக்கு ஒரு முறை மாறுகிறார், அன்றைய மேலாளும் மாறினார். அன்று ஆள் மாறினாலும், வாடிக்கையாளர் யார், நாணயம் எப்படி என்பது அடுத்தாளின் தலையிலும் பேரேட்டிலும் தங்கியது.

ஒரு ஊரில் போட்ட பணத்தை இன்னொரு ஊரில் எடுக்க உண்டி இருந்தது. ரங்கூன் மொகல் தெருவில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டி எவ்வளவு என்று பேசி முடிவு செய்தார்கள். சொன்ன சொல் தவறியவருக்கு மறுநாள் எந்தக் கடையிலும் பணம் பிறக்காது. போலீஸும் கோர்ட்டும் தேவைப்படாத அளவுக்கு அந்தக் கட்டுப்பாடு இருந்தது.

அதைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் பாதிக் கதைதான் சொன்னவனாவேன். அந்த நம்பிக்கைக்கு ஒரு வேலி இருந்தது. நகரத்தாருக்கும் நகரத்தாருக்கும் நடுவே சொல் நாணயத்தில் பணம் புரண்டது. ஐராவதி டெல்டாவின் பர்மிய விவசாயி அந்த வேலிக்கு வெளியே இருந்தார். அவரோடு உறவும் இல்லை, கோயிலும் பொது இல்லை. அவருக்குக் கொடுத்த பெருங்கடனுக்கு நிலமே பிணையாயிற்று. நெல் விலை ஏறிக்கொண்டிருந்தவரை இதில் யாருக்கும் குறை தெரியவில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, டெல்டாக் காடுகள் கழனிகளாக மாறி, பர்மா உலகத்துக்கே அரிசி அனுப்பியது. அதற்குப் பண உதவி செய்தது செட்டிநாட்டு முதல்.

1930-இல் உலகப் பெருமந்தம் பர்மாவையும் தாக்கியது. ஓரிரு ஆண்டில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. கடன் வாங்கியவரால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-இல் அது 25 விழுக்காடு, கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர். அவர்கள் போனது நிலத்துக்காக இல்லை. பணம் போய் நிலம் வந்தது, விற்றுப் பணமாக்க வாங்குவாரும் இல்லை. தலைமுறையாக உழுத கழனியை இழந்த விவசாயிக்கு இதெல்லாம் எப்படி ஆறுதலாகும்? அவருடைய கோபம் நியாயமானது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1948-இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. இழப்பீடு பெரும்பாலும் கைக்கு வரவே இல்லை. கொடுத்தவர் வீட்டிலும் வாங்கியவர் வீட்டிலும் ஒரே சமயத்தில் அடுப்பு அணைந்தது.

தம்பியிடம் சொன்னேன்: பர்மா நமக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். அடமானத்தை மட்டும் நம்பிக் கொடுக்கிற கடன், காலம் கெட்டால் கொடுத்தவரையும் காப்பாற்றாது. வியாபாரத்தைக் கவனித்து, வரவு எப்போது வருமோ அதற்கேற்பத் தவணை வைத்துக் கொடுக்கிற கடன்தான் இரண்டு பேரையும் நிமிர்த்தும்.

அந்த வேலியைத் தாண்டுகிற முயற்சியும் இங்கேயே நடந்தது. மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். சாதியும் ஊரும் தெரியாதவர் பணத்தை வாங்கி, தெரியாதவருக்குக் கொடுக்க ஒரு நிறுவனம். 1969-இல் அது நாட்டுடைமை ஆனது. வங்கி ஏழைக்கும் கிராமத்துக்கும் வந்தது பெரிய விஷயம். பேரேட்டைப் பார்த்து மனிதரை எடைபோடும் பழைய தேர்ச்சிதான் வழியில் எங்கோ தவறிவிட்டது.

அதை மீட்க முடியும் என்றே நான் நம்புகிறேன். குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அப்படிக் கொடுக்கிற கடனுக்கு உத்தரவாதம் தர 2000-இல் தொடங்கிய நிதியமும் இருக்கிறது. சொத்தை விட்டுவிட்டுப் பணவரவைப் பார்த்துக் கடன் கொடுங்கள் என்று 2019-இல் ரிசர்வ் வங்கி அமைத்த யு.கே. சின்ஹா குழு பரிந்துரைத்தது. யுபிஐ வந்தபின் டீக்கடைக்குக்கூட நாள்வாரியாக வரவு பதிவாகிறது. நாள் விடாமல் தொடர்கிற அந்தப் பதிவுதான் இன்றைய பேரேடு.

அதனால் தம்பி செய்ய வேண்டியது சில உண்டு. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், உடனே போட்டு அந்த எண்ணைப் பில்லில் அச்சடிக்க வேண்டும். 45 நாள் சட்டத்தின் பாதுகாப்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது. வாய்ச்சொல் ஆர்டரைத் தேதி போட்டு எழுத்தில் வாங்க வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கையும் தொழில் கணக்கையும் பிரித்து, விற்பனை முழுவதையும் ஒரே வங்கிக் கணக்கில் ஓட விட வேண்டும். நடைமுறை மூலதனத்துக்கு ஆண்டு விற்பனையில் 20 விழுக்காடு வரை வங்கி கணக்கிட்டுத் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் காலத்திலிருந்து உள்ள முறை. அதைக் கேட்கக் கையில் கணக்கு வேண்டும். ஒரே கடையை நம்பாமல் நாலு கடைக்குப் போட வேண்டும். சொந்தக்காரப் பையனுக்குக் காத்திராமல், கணக்குப் படித்த ஊர்ப் பெண் ஒருவரை இப்போதே பெட்டியடியில் உட்காரவைத்துப் பழக்க வேண்டும். லாபத்தில் பங்கு என்று எழுதிக் கொடுத்தால் அவர் நாளைய மேலாள் ஆவார்.

தம்பியால் முடியாததும் உண்டு, அது மற்றவர்கள் பொறுப்பு. புகார் வரட்டும் என்று காத்திராமல், தாமதிக்கிற பெரிய நிறுவனங்களை அரசே பில் தேதியை வைத்துக் கண்டுபிடிக்க முடியும். மின்னணு விலைச்சீட்டுகளும் வரிக் கணக்கும் அதன் கையிலேயே இருக்கின்றன. அரசுத் துறைகள் தங்கள் பாக்கியை முதலில் தீர்த்து முன்மாதிரி காட்டலாம். வங்கி மேலாளர் ஒரு தொழிலைப் பார்த்துக் கொடுத்த நேர்மையான கடன் முறிந்தால், அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் இருக்கலாம். அந்தப் பயம் இருக்கும்வரை அவர் பத்திரத்தைத்தான் கேட்பார்.

மானியமும் விழாவும் விருதும் தொழிலுக்கு ஊக்கம் தரலாம். ஆனால் செய்த சரக்குக்கு உரிய பணம் உரிய நாளில் கைக்கு வந்தாலே, இந்த வட்டாரத்தில் எத்தனையோ அடுப்புகள் இரண்டாகும். அதைச் செய்து கொடுப்பது சலுகை அல்ல, நியாயம். கொடுக்கல் வாங்கலில் நாணயம் என்ன செய்யும் என்று கடல் கடந்து போய்க் காட்டிய மண் இது. முன்பின் தெரியாதவரிடமும் அந்த நாணயம் செல்லுபடியாகும்படி செய்வதுதான் நம் தலைமுறைக்கு மிச்சமிருக்கிற வேலை.